100 ஏ.ஹெச். போட்டால் தீருமா? ஒரு ஹேட்ச்பேக், இரண்டு ஆம்ப், தேறாத பேட்டரி

வண்டி பி.எஸ்.4 காலத்து 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்து வந்த அளவில் 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி (அளவுக் குறி 38பி20எல்), 75 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்). டிக்கியில் மூடிய பெட்டிக்குள் 12 இஞ்ச் சப்வூஃபர் ஒன்று, அதற்கு கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ரகம்) மோனோ ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர். கதவு ஸ்பீக்கர் நாலுக்கும் சேர்த்து கிளாஸ் ஏபி (அதிகம் வீணாக்கும் ரகம்) நாலு சேனல் ஆம்ப். பேட்டரி டெர்மினலிலிருந்து 8 கேஜ் வயர் ஒன்று கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி இரண்டு ஆம்புக்கும் பிரிகிறது.

புகார் மூன்று. ராத்திரி சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஹெட்லைட் டிம் அடிக்கிறது. கடற்கரையில் இன்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டால் செல்ஃப் எடுப்பதில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி போய்விட்டது, இப்போது இருப்பது மூன்றாவது, வயது 11 மாதம். பட்டறையில் வண்டிக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணா, 100 ஏ.ஹெச். போட்டா சரியாயிடுமா?”

ஆகாது. கணக்கில் பார்த்தால், முன்னால் இருக்கும் பேட்டரியின் அளவை மாற்றவே தேவையில்லை என்ற இடத்தில்தான் விஷயம் வந்து நின்றது.

தொட்டியும் மோட்டாரும்

இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்சாரம் முழுவதும் ஆல்டர்நேட்டரிலிருந்து வருகிறது. அது லைனை 14.1 வோல்ட்டில் பிடித்து வைக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் சொந்த அழுத்தம் 12.7 வோல்ட்தான். லைன் 12.8 வரை இறங்காத மட்டும் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர்கூட வெளியே வராது. அதுவரை பேட்டரியும் ஏ.சி., ஹெட்லைட் போல ஒரு சுமைதான்.

போர் மோட்டார் கம்மியாக ஏற்றும் வீட்டில் மாடித் தொட்டியை மட்டும் பெரிதாகக் கட்டுவது போன்றது 100 ஏ.ஹெச். யோசனை. ஒரு நாள் விசேஷத்துக்குத் தண்ணீர் தாங்கும், மறுநாள் தொட்டி நிறையாது. கார் பேட்டரிக்கு இதில் கூடுதல் தொல்லையும் உண்டு. அரைகுறையாக நிறைந்து கிடக்கும் ஈய பேட்டரியின் தட்டில் சல்ஃபேட் படிந்து இறுகும், அதன்பின் சார்ஜர் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இந்த வண்டியில் இரண்டு பேட்டரி போனது இப்படித்தான். வாரண்டிக்குக் கொண்டுபோனால் கடையில் சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டு “பேட்டரி டிஸ்சார்ஜ், பழுது இல்லை” என்று எழுதிக் கொடுப்பார்கள். அதில் அவர்கள் சொல்வது தப்பும் இல்லை.

அளந்து பார்த்தது

இதற்கு டி.சி. (நேர்திசை) ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு வயரிங் வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் மாறுதிசை கரண்டை மட்டும்தான் காட்டும். அதைப் பேட்டரி வயரில் மாட்டிவிட்டு “கரண்டே போகலை” என்று சொல்வது பல கடைகளில் நடக்கிற கூத்து. கூடவே மின்/மேக்ஸ் பட்டன் உள்ள மல்டிமீட்டர் ஒன்று. பேஸ் அடிக்கும் நொடியில் விழும் வோல்ட்டேஜைக் கண்ணால் பிடிக்க முடியாது, மீட்டர்தான் பிடித்துவைக்க வேண்டும்.

முதலில் ஓய்வு வோல்ட்டேஜ். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு அளந்தது: 12.2. லைட் போடாமல் அளந்தால் தட்டின் மேலாக நிற்கும் சார்ஜ் 12.5 என்று காட்டி ஏமாற்றும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, அவ்வளவுதான்.

அடுத்து ஒழுக்கு, அதாவது வண்டி அணைந்து நிற்கும்போதும் கசியும் கரண்ட். கதவைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, எர்த் வயரில் தொடராக மீட்டரை வைத்துப் பார்த்ததில் 45 மில்லி ஆம்பியர். 50 வரை இருந்தால் கவலை இல்லை. இதே இடத்தில் 0.9 ஆம்பியர் காட்டியிருந்தால், ஸ்டீரியோவுக்குப் பின்னால், ஆம்பை ஆன் செய்யும் நீல-வெள்ளை ரிமோட் வயரை எப்போதும் கரண்ட் உள்ள மஞ்சளோடு யாரோ முறுக்கிவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு நாளைக்கு 21 ஏ.ஹெச். போகும், இரண்டாம் நாள் காலை வண்டி எடுக்காது. இங்கே அந்தப் பழுது இல்லை.

அதன்பின் ஐடிலிங்கில் ஏ.சி., ஹெட்லைட் இரண்டையும் போட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை வழக்கமாகக் கேட்கும் உச்ச வால்யூமில் ஐந்து விநாடி மட்டும் ஓடவிட்டது. அதற்கு மேல் விட்டால் சப்பின் வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். கிளாம்ப் காட்டியது 68 ஆம்பியர். பேட்டரி டெர்மினலில் 13.7 இருந்தது 12.3 ஆனது. ஆம்பின் டெர்மினலில் நின்றது 10.8.

மீதி 1.5 வோல்ட் எங்கே போனது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை ஆம்ப் பிளஸ்ஸில்: 1.1 வோல்ட். பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் மைனஸுக்கும் நடுவே 0.4. அதாவது 75 வாட் பிளஸ் வயரிலும், 27 வாட் எர்த்திலும் வெறும் சூடாகப் போகிறது.

வயரின் நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டியதும் காரணம் தெரிந்தது. மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். 8 கேஜ் சுத்தச் செம்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 மில்லி ஓம் மின்தடை காட்டும், இது 3.2 காட்டும். 5 மீட்டருக்கு 16 மில்லி ஓம், அதை 68 ஆம்பியரால் பெருக்கினால் அதே 1.1 வோல்ட். எர்த் பக்கம் இன்னும் எளிது: பெயின்ட்டைச் சுரண்டாமல் சீட் போல்ட்டில் லக்கை (வயர் முனை வளையத்தை) மாட்டியிருந்தார்கள். (வயர் கடையில் ‘சி.சி.ஏ.’ என்றால் இந்த அலுமினிய வயர், பேட்டரி கடையில் ‘சி.சி.ஏ.’ என்றால் குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரும் கரண்ட். ஒன்று நல்லது, மற்றது கெட்டது, எழுத்து ஒன்றே.)

உறுதி செய்துகொள்ள 35 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிளைச் சீட்டுக்கு மேலாகவே தற்காலிகமாக இழுத்து, எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்து, அதே டோனை மறுபடி ஓட்டினார்கள். ஆம்பில் 11.8 நின்றது. சப் அடி இறுக்கமானது, நடுவில் விட்டுவிட்டுப் போனதும் நின்றது. ஆனால் ஹெட்லைட் முன்னைவிட ஒரு பொட்டு கூடுதலாகவே டிம் அடித்தது. ஆம்புக்கு வோல்ட்டேஜ் கூடியதால் அது இன்னும் அதிகம் இழுத்தது, அந்த இழுப்பு பேட்டரி முனையில் தெரிந்தது. வயரை மாற்றினால் லைட் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

உண்மையில் எவ்வளவு இழுக்கிறது

மோனோ ஆம்பின் பெட்டியில் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆம்பின் முதுகில் இருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் போதும். இரண்டு 30 ஆம்பியர், மொத்தம் 60. 60 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவது 828 வாட், கிளாஸ் டி ஆம்பின் திறன் 80 விழுக்காடு என்று வைத்தால் வெளியே வருவது 660 வாட். கையேட்டில் 2 ஓமில் 600 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடியது) என்று பொடி எழுத்தில் இருந்தது, அது சரியாகப் பொருந்துகிறது. 2000 என்பது அட்டைக்காக அச்சடித்தது.

600 வாட் வெளியே வர 750 வாட் உள்ளே போக வேண்டும், 13.5 வோல்ட்டில் 56 ஆம்பியர். நாலு சேனல் ஆம்ப் 75 வாட் வீதம் 300 வாட். கிளாஸ் ஏபி ஆதலால் 55 விழுக்காடு திறன், 40 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 96. இது டோனை முழு வீச்சில் ஓட்டினால் வரும் உச்சம், பாட்டு ஓடும்போது அப்படி இழுக்காது. பறையும் தவிலும் அடித்து அடித்து இடைவெளி விடும். அதில் சராசரி உச்சத்தின் எட்டில் ஒரு பங்குக்குக்கூட இறங்கும். நீளமாக இழுத்துக்கொண்டே போகும் எலக்ட்ரானிக் பேஸில், வால்யூம் ஏற்றினால், மூன்றில் ஒன்றைத் தொடும். ஆகவே சத்தமாகக் கேட்கும்போது சராசரி 32 ஆம்பியர்.

வண்டியின் சொந்தச் செலவு: இன்ஜின், ஃபியூல் பம்ப், ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) சேர்ந்து 12 ஆம்பியர் வாக்கில். ஹெட்லைட்டும் பின் விளக்கும் 10. ஏ.சி. கிளட்ச் 4, ப்ளோயர் முழு வேகத்தில் சுமார் 8, ரேடியேட்டர் ஃபேன் ஓடித் தணிவதைச் சராசரியாக்கினால் 8. மொத்தம் 42.

வரவு? 75 ஆம்பியர் என்பது ஆல்டர்நேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று வாக்கில் தருவது. ஐடிலிங்கில் இன்ஜின் 750 சுற்று, புல்லி விகிதத்தால் ஆல்டர்நேட்டர் 2000 சுற்றுத்தான். சூடேறிய நிலையில் 38 ஆம்பியர் வந்தால் அதிகம். அதாவது பாட்டே போடாவிட்டாலும் ராத்திரி சிக்னலில் வரவுக்கும் செலவுக்கும் இழுபறிதான். பாட்டும் சேர்ந்தால் 36 ஆம்பியர் துண்டு விழுகிறது. அரை மணி நேர நெரிசலில் 18 ஏ.ஹெச்., பேட்டரியில் பாதி. சாலையில் 2000 சுற்றில் ஓடும்போது 65 ஆம்பியர் வரும், அப்போதும் செலவு 74. தினம் 7 கிலோமீட்டர் அலுவலகம் போய் வரும் இந்த வண்டியில் பேட்டரி நிறைய நேரமே கிடைப்பதில்லை.

ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாக விழும், கிட்டத்தட்ட அதன் 3.4 அடுக்கில். 13.7 வோல்ட் 12.3 ஆனால் வெளிச்சத்தில் 30 விழுக்காடு போய்விடும். கண்ணுக்கு அவ்வளவு பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

கடற்கரைக் கணக்கும் இதே மாதிரி ஒத்துப் போனது. இன்ஜினை அணைத்து நடுத்தர வால்யூமில் கேட்டால் இரண்டு ஆம்பும் ஸ்டீரியோவும் சேர்ந்து 23 ஆம்பியர். கிளாஸ் ஏபி ஆம்ப் தாழ்ந்த சத்தத்தில்தான் அதிகம் வீணாக்கும், அதன் பங்கே 12. “35 ஏ.ஹெச். ஆச்சே, ஒன்றரை மணி நேரம் வரணுமே” என்று தோன்றும். 35 என்பது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைப்பது, அதாவது 1.75 ஆம்பியர் வீதம். வேகமாக உறிஞ்சினால் ஈய பேட்டரி குறைவாகத்தான் தரும். 23 ஆம்பியரில் முழுதும் இறங்க 55 நிமிடம். 40 நிமிடத்தில் முக்கால் போய்விட்டது, செல்ஃபுக்கு மிச்சமில்லை. அதுவும் புதுப் பேட்டரிக்கு.

எது வேண்டாம், ஏன்

பெரிய பேட்டரி முன்னால்: 38பி20 என்ற குறியில் ‘பி’ அகல-உயரத் தொகுதி, 20 நீளம் சென்டிமீட்டரில். பேட்டரி உட்காரும் தட்டு 197 × 129 மி.மீ. அளவுக்குத்தான். அடுத்த அளவான 55பி24 (45 ஏ.ஹெச்.) 238 மி.மீ. நீளம், ஏர் ஃபில்டர் பெட்டியில் இடிக்கிறது. அந்தத் தட்டை வெட்டிப் பெரிதாக்கி டி.ஐ.என். (ஐரோப்பிய அளவு) வகை போட்டாலும், நிறையாத தொட்டிதான் பெரிதாகும். ஆழமாக இறங்கிய பெரிய பேட்டரியை ஏற்றும்போது ஆல்டர்நேட்டர் மணிக்கணக்கில் முழுச் சூட்டில் ஓடும், டயோடு போவது அப்படித்தான். குறியின் கடைசியில் உள்ள எல், ஆர் எழுத்தையும் (டெர்மினல் எந்தப் பக்கம் என்பது) பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாறி வாங்கினால் கேபிள் எட்டாது, எட்டவைக்க இழுத்தால் பானட் மூடியில் பிளஸ் உரசும்.

கெப்பாசிட்டர்: 1 ஃபேரட், நீல விளக்கு, டிஜிட்டல் எண். 14.4 வோல்ட்டிலிருந்து 12.5 வரை இறங்கும்போது அது தரும் சக்தி 26 ஜூல்தான். மோனோ ஆம்ப் மட்டும் முழு வீச்சில் 750 வாட் கேட்டால் 34 மில்லி விநாடியில் காலி. 50 ஹெர்ட்ஸ் பேஸின் இரண்டு அலைகூட ஆகாது. அழகுக்கு வைக்கலாம்.

யு.பி.எஸ்.ஸில் வரும் எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று டிக்கியில் வைப்பவர்கள் உண்டு. அணைத்து வைத்துக் கேட்க ஓரளவு உதவும். உள் மின்தடை அதிகம், பேஸ் அடியில் துவளும், சின்ன போல்ட் டெர்மினல் 80 ஆம்பியருக்கு ஏற்றதும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலரைத் தூக்கி வைப்பது அதைவிட மோசம். 50 கிலோ எடை, திறந்த ஆசிட், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன், எல்லாம் ஆட்கள் உட்காரும் அதே காற்றில்.

லித்தியம் அயர்ன் (இரும்பு) ஃபாஸ்பேட் பேட்டரி: நல்ல சரக்குத்தான். ஆனால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) 100 ஆம்பியர் உச்சத்தைத் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும், தனிச் சார்ஜர் இல்லாமல் ஆல்டர்நேட்டரில் நேராக மாட்டக்கூடாது, பானட்டுக்குள் வைக்கவே கூடாது. இந்த வண்டியின் பட்ஜெட்டுக்கு ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஈய பேட்டரி) போதும்.

தேர்ந்தெடுத்தது

முன்னால் அதே 38பி20எல், சாதாரண 35 ஏ.ஹெச்., புதியது. வண்டியை ஸ்டார்ட் செய்வதும் வண்டியை ஓட்டுவதும் மட்டும் அதன் வேலை. ஆம்ப் வயர் ஒன்றும் அதைத் தொடாது. ஏ.ஜி.எம். அங்கே வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். சித்திரை வெயிலில் பானட்டுக்குள் பேட்டரி கொதிக்கும், 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சாதாரணப் பேட்டரிக்கு வற்றினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். ஏ.ஜி.எம். வால்வு வழியாக நீர் போனால் போனதுதான்.

பின்னால், டிக்கியில், 60 ஏ.ஹெச். ஏ.ஜி.எம்., எல்.என்.2 அளவு (242 × 175 × 190 மி.மீ.), 680 ஆம்பியர் சி.சி.ஏ. மைனஸ் 18 டிகிரியில் அளக்கும் சி.சி.ஏ. நம் ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த எண் பெரிதாக இருந்தால் உள் மின்தடை குறைவு என்று பொருள், பேஸ் அடியில் வோல்ட்டேஜ் துவளாமல் இருக்க வேண்டியது அதுவே. ஆகவே ஒரே ஏ.ஹெச். உள்ள இரண்டில் சி.சி.ஏ. அதிகம் உள்ளதை எடுக்கலாம். வாங்கும்போது தயாரித்த மாதக் குறி, மீட்டரில் 12.7-க்குக் குறையாத வோல்ட்டேஜ், எடை மூன்றையும் பார்த்தார்கள். இந்த அளவு ஏ.ஜி.எம். 17 கிலோ வாக்கில் இருக்கும். தூக்கினால் இலேசாக இருந்தால் உள்ளே ஈயம் குறைவு.

இரண்டையும் எப்படி இணைப்பது என்பதில்தான் யோசனை நீண்டது. வழக்கமான வழி வோல்ட்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே: 13.3-இல் சேரும், 12.8-இல் பிரியும். சாதாரண வண்டிக்கு அருமையான சாமான். இங்கே அது சரிப்படாது. ஐடிலிங்கில் பேஸ் அடித்ததும் லைன் 12.8-க்குக் கீழே போய் ரிலே பிரியும், பிரிந்ததும் சுமை நீங்கி லைன் 13.7 ஆகும், உடனே சேரும், மறுபடி விழும். சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் டிக்கியில் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும், கான்டாக்ட் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பிரிப்பே இல்லை, கடற்கரையில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கும்.

அதனால் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர். முன் லைனிலிருந்து எடுத்து, பின் பேட்டரிக்கு ஏ.ஜி.எம். கேட்கும் 14.4 முதல் 14.7 வோல்ட் வரை தானே ஏற்றிக் கொடுக்கும். பேஸ் எவ்வளவு அடித்தாலும் முன்னால் போய்க் கேட்பது 25 ஆம்பியருக்கு மேல் போகாது, அதுவும் துடிக்காத சீரான இழுப்பு. முன் லைன் 13 வோல்ட்டுக்குக் கீழே சில விநாடி நின்றால் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி அமைத்தாயிற்று. பி.எஸ்.6 வண்டிகளில் ஆல்டர்நேட்டர் வோல்ட்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் ரகம் நிறைய. அவற்றில் ரிலே வேலைக்கே ஆகாது, இந்தச் சார்ஜர்தான் வழி. அவற்றில் இன்னொன்று: மைனஸ் டெர்மினலில் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். எர்த்தை அந்த டெர்மினலில் மாட்டாமல் பாடியில்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் போகிற கரண்ட் ஈ.சி.யு. கணக்கில் வராது.

கூடவே நாலு சேனல் கிளாஸ் ஏபி ஆம்பைக் கழற்றிவிட்டு அதே வாட்டுக்கு கிளாஸ் டி போட்டது. உச்சத்தில் 40 ஆம்பியர் 28 ஆனது. நடுத்தர வால்யூமில் 12 ஆம்பியர் 5 ஆனது. பேட்டரிக்குச் செய்த செலவைவிட இந்த மாற்றம் கொடுத்த பலன் அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

மாட்டிய விதம்

முன்னிருந்து சார்ஜர் வரை 16 சதுர மி.மீ. செம்பு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 30 செ.மீ.க்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். பின் பேட்டரி முனையிலும் சார்ஜர் வயருக்கு இன்னொரு 40. இரு முனையிலும் பேட்டரி இருக்கும் வயருக்கு இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். நடுவில் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால் இரண்டு பக்கமிருந்தும் தீ வரும், ஒரு பக்க ஃபியூஸ் பாதி வேலைதான் செய்யும். ஃபயர்வால் துளையில் ரப்பர் கிரோமெட், அதன்மேல் நெளிவுக் குழாய்.

பின் பேட்டரியிலிருந்து ஆம்புக்கு 60 செ.மீ. நீளமே உள்ள 35 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள், 100 ஆம்பியர் ஏ.என்.எல். ஃபியூஸ், அதன்பின் பிரித்து 60-உம் 40-உம். லக்கைச் சுத்தியலால் தட்டவில்லை. ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டது. எர்த்துக்கு டிக்கித் தரையில் தனி 8 மி.மீ. போல்ட், பெயின்ட்டை உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ். கீழே பெட்ரோல் டேங்க் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகுதான் ட்ரில் எடுத்தார்கள்.

பேட்டரியைப் பெல்ட்டில் கட்டுவது போதாது. 17 கிலோ சாமான் மோதலின்போது சில நூறு கிலோ விசையோடு பின்சீட்டில் இருப்பவர் முதுகுக்கு வரும். ஆங்கிள் சட்டம் அடித்து நாலு போல்ட்டில் தரையோடு பிடித்தாயிற்று. பக்கவாட்டு வாயுத் துளையில் குழாய் சொருகித் தரைக் கிரோமெட் வழியாக வெளியே விட்டது.

ரிமோட் வயரில் வோல்ட்டேஜ் கட்-ஆஃப் மாட்யூல் ஒன்று, பின் பேட்டரி 12.0-க்கு இறங்கினால் ஆம்பை அணைக்கும். சுமை ஓடும்போதே 12.0 என்பதால் ஏறத்தாழ 60 விழுக்காடு இறங்கியதும் நிற்கும். இரண்டு மூன்று விநாடி தாமதம் வைக்காவிட்டால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஆம்ப் அணைந்து எரியும்.

பிறகு அளந்தது

அதே ஐடிலிங், அதே ஏ.சி., ஹெட்லைட், அதே டோன். முன் பேட்டரியில் 13.5, துடிப்பு இல்லை. ஹெட்லைட் அசையவில்லை. ஆம்ப் டெர்மினலில் 12.2, முன்பு 10.8. முழு 14.4 வோல்ட் கிடைக்காததால் வாட் குறையாதா என்றால் குறையும். சராசரியாக 12.8 வோல்ட் என்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு போகும். சத்தத்தில் அது 1 டெசிபெல், காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

இன்ஜினை அணைத்து நடுத்தர வால்யூமில் ஆம்புகள் 14 ஆம்பியர் இழுத்தன. 60 ஏ.ஹெச். ஏ.ஜி.எம். அந்த வேகத்தில் கட்-ஆஃப் வரை கணக்குப்படி 2 மணி 10 நிமிடம் தாங்கும். ஓட்டிப் பார்த்ததில் 2 மணி நேரத்தில் ஆம்ப் அணைந்தது, செல்ஃப் முதல் தட்டிலேயே எடுத்தது. முன் பேட்டரியிலிருந்து ஸ்டீரியோவுக்கு மட்டும் 2 ஆம்பியர்தான் போயிருந்தது.

இறங்கிய 28 ஏ.ஹெச்.-ஐத் திரும்ப ஏற்ற, பாட்டு இல்லாமல் ஓட்டினாலே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், கடைசிப் பத்து விழுக்காட்டுக்கு இன்னும் மேலே. 7 கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்காது. ஆகவே ஞாயிறு கடற்கரைக்குப் போனால் ராத்திரி வீட்டில் 6 ஆம்பியர் ஏ.ஜி.எம். சார்ஜரைச் செருகிவிட்டுப் படுக்க வேண்டும். டிக்கி ஓரத்தில் அதற்கென்று சாக்கெட் வைத்தாயிற்று.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். மழை ராத்திரி நெரிசலில் வைப்பர், ஹெட்லைட், முழு ஏ.சி. எல்லாம் ஓடும்போது முன் லைன் 13-க்குக் கீழே போய்ச் சார்ஜர் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அப்போது பாட்டு முழுக்கப் பின் பேட்டரியிலிருந்தே ஓடும். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன வோல்ட் மீட்டர் பின் பேட்டரியைக் காட்டுகிறது. 12.3 தொட்டால் வால்யூமைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. அதுவும் தொந்தரவு என்றால் அடுத்த வேலை பேட்டரியில் இல்லை, அதே பிராக்கெட்டில் உட்காரும் 90 ஆம்பியர் ஆல்டர்நேட்டரைத் தேடுவதில்தான். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழையது எடுப்பதாக இருந்தால் புல்லியின் வரி எண்ணிக்கையும் ரெகுலேட்டர் பிளக்கின் முள் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பார்த்து, பெஞ்சில் சுமை போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன்பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.